பெரிய எஸ், சின்ன எஸ்

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பெரியது, சின்னது என்று இரண்டு வடிவங்கள். பெரிய எழுத்து எங்கே வரும் என்பதற்கான அடிப்படை விதிகளை அரைத்தாளில் எழுதி முடித்துவிடலாம். வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆளின் பெயர், ஊரின் பெயர், கிழமை, மாதம், தன்னைக் குறிக்கும் 'ஐ': தொடக்கப் பள்ளிக்கு இவ்வளவு போதும். இருந்தும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளில்கூட ஊர்ப்பெயர் சின்ன எழுத்தில் தொடங்குகிறது. சொல்லின் நடுவில் பெரிய 'பி' முளைக்கிறது. ஒரு பக்கம் முழுக்க முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரே வாக்கியமாக ஓடுகிறது. பிள்ளைக்கு விதி மறந்துவிட்டது என்று நினைத்து ஆசிரியர் அதை இன்னொரு முறை சொல்கிறார். பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கிறது. விருதுநகர் மாவட்டப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் அந்தக் காரணங்கள் நன்றாகத் தெரியும். அங்கே ஊர்ப்பெயர்களே இந்தப் பாடத்தைக் கடினமாக்குகின்றன.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. எந்த எழுத்துக்கும் பெரிய வடிவம், சின்ன வடிவம் கிடையாது. பெயரைப் பெயர் என்று காட்ட வினைமுற்றே போதுமானதாக இருக்கிறது. 'செல்வம் வந்தது' என்றால் பணம். 'செல்வம் வந்தான்' என்றால் பக்கத்து வீட்டுப் பையன். இந்த வேறுபாட்டை நான்கு வயதுப் பிள்ளை காதால் கேட்டே பிடித்துக்கொள்கிறது. தேவநாகரி, மலையாளம், தெலுங்கு என்று இந்திய எழுத்துமுறைகள் எதிலும் இந்த இரட்டை வடிவம் இல்லை. அரபியிலும் சீனத்திலும் இல்லை. லத்தீன், கிரேக்கம், ரஷ்யன், ஆர்மேனியன் போன்ற சில எழுத்துமுறைகளில்தான் உண்டு. லத்தீனிலும் இது தொடக்கத்திலேயே இருந்த ஏற்பாடு அன்று. ரோமானியக் கல்வெட்டுகள் முழுக்கப் பெரிய எழுத்தில் வெட்டப்பட்டவை. தோலில் விரைந்து எழுதிய எழுத்தர்களின் கையில் சின்ன வடிவங்கள் உருவாயின. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் சார்லமேன் பேரரசில் அவை சீரான கையெழுத்தாகப் பரவின. இரண்டையும் கலந்து எழுதுவதற்கான விதிகள் பிறகு வந்தவை. அவையும் மொழிக்கு மொழி மாறும். ஜெர்மனில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். 17, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களிலும் அப்படிப் பார்க்கலாம்.

ஆகவே பெரிய எழுத்து என்பது எழுதுகிறவர்கள் தமக்குள் செய்துகொண்ட வழக்கம். பேச்சில் அது ஒலிக்காது. சொல்வதை எழுதும் பயிற்சியில் ஆசிரியர் 'ரோஸ்' என்றால் அது பூவா, ரோஸ் என்ற பெண்ணா என்று காதுக்குத் தெரியாது. யோசித்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கண்ணால் பலமுறை பார்த்து, கையால் பலமுறை எழுதித்தான் அது படியும். கண்ணுக்கும் கைக்கும் எங்கெங்கே தடை வருகிறது என்று பார்ப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை.

முதல் தடை வடிவம். 26 எழுத்துகளில் சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இஸட் ஆகிய ஏழும் பெரியதிலும் சின்னதிலும் ஒரே உருவம், அளவுதான் வேறு. கே, யூ போன்றவை ஏறக்குறைய ஒன்று. ஏ, ஈ, ஜி, ஆர் போன்றவற்றில் பெரியதும் சின்னதும் வேறு வேறு ஆட்கள் மாதிரி இருக்கும். இப்போது விருதுநகர் மாவட்டத்தின் 10 வட்டங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கலாம். சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்றும் எஸ். விருதுநகர், வெம்பக்கோட்டை இரண்டும் வி. வத்திராயிருப்பை அரசு ஆவணங்களில் டபிள்யூ போட்டு எழுதுகிறார்கள். பத்தில் ஆறு ஊர்கள், அளவால் மட்டுமே வேறுபடும் எழுத்தில் தொடங்குகின்றன. மதுரை, திருச்சிப் பிள்ளைகள் தம் ஊர்ப்பெயரை எழுதிப் பழகுகிறார்கள். அந்த முதல் எழுத்துகளில் பெரியதும் சின்னதும் பார்த்தவுடனே தெரியும். சிவகாசிப் பிள்ளைக்குத் தன் ஊரை எழுதும்போதே அந்த வசதி கிடைப்பதில்லை.

இங்கேதான் நாலு கோடு நோட்டின் அருமை. மேலே ஒரு சிவப்புக் கோடு, நடுவில் இரண்டு நீலக் கோடு, கீழே ஒரு சிவப்பு. சின்ன எஸ் இரண்டு நீலக் கோட்டுக்கு நடுவே அடங்கும். பெரிய எஸ் மேல் சிவப்பைத் தொட்டு இறங்கி இரண்டாவது நீலத்தில் உட்காரும். சிவகாசி என்று எழுதினால் முதல் எஸ் இரண்டு கட்டம், ஏழாவதாக வரும் எஸ் ஒரு கட்டம். ஒரே சொல்லுக்குள் பெரிய எஸ், சின்ன எஸ் இரண்டும் வந்துவிடுகின்றன. அளவைப் பழக்க இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் கிடைப்பது அரிது. விரலால் மேல் கோட்டைத் தொட்டுக்காட்டி, அங்கிருந்து எழுதத் தொடங்கச் சொன்னால் முதல் வகுப்புப் பிள்ளைக்குக் கை தானாகப் பழகும்.

சிக்கல் ஒற்றைக்கோடு நோட்டுக்கு மாறும்போது வருகிறது. மேல் கோடு மறைந்துவிடுகிறது. பிள்ளை பெரிய எஸ் என்று நினைத்துத்தான் எழுதும். பக்கத்து எழுத்துகளும் அதே உயரத்தில் இருப்பதால் ஆசிரியரின் கண்ணுக்கு அது சின்னதாகப் படும். சிவப்பு மையில் வட்டம் விழும். பிள்ளைக்கு என்ன தப்பு என்றே புரியாது. இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. ராஜபாளையம், அருப்புக்கோட்டை என்று இரண்டு பெயர்களைச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். ஆர், ஏ இரண்டும் பெரிய வடிவத்தில் சரியாக வந்தால் பிள்ளைக்கு விதி தெரியும். கையின் அளவுதான் பழகவில்லை. இன்னும் சில வாரங்கள் நாலு கோடு நோட்டில் எழுத வைத்தால் சரியாகும். அவையும் சின்னதாக வந்தால்தான் விதியைத் திரும்பச் சொல்ல வேண்டும். இந்தச் சிறு சோதனை செய்யாமல் மதிப்பெண் குறைப்பது நியாயமாகாது.

இரண்டாவது தடை, சொல்லின் நடுவில் முளைக்கும் பெரிய எழுத்து. 'ரேபிட்' என்று எழுதும்போது நடுவில் இரண்டு பெரிய பி. இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது வழக்கம். உண்மையில் அது பிள்ளை தானே கண்டுபிடித்த தப்பிக்கும் வழி. 'பேட்' என்பதில் வரும் சின்ன பி-யும் 'டாக்' என்பதில் வரும் சின்ன டி-யும் ஒரு குச்சியும் ஒரு வட்டமும்தான். வட்டம் வலப்பக்கமா இடப்பக்கமா என்பதே வேறுபாடு. ஆறேழு வயதில் இந்தத் திசைக் குழப்பம் இயல்பு. பெரிய வடிவங்களில் குழப்பம் இல்லாததால், சந்தேகம் வந்த இடத்தில் பிள்ளை பெரியதைப் போட்டுவிடுகிறது. பெரிய எழுத்து விதியை நூறு தடவை எழுத வைத்தாலும் இது மாறாது. பி, டி திசையைத் தனியாகப் பழக்கினால் சொல் நடுவிலிருந்து பெரிய எழுத்து தானே போய்விடும்.

மூன்றாவது தடை பிள்ளையைச் சுற்றி இருக்கும் அச்சு. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பிறகு சிவகாசி வளர்ந்த கதை தெரிந்ததே. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வந்த அச்சுத்தொழில் பிறகு காலண்டர், டைரி, நோட்டு என்று விரிந்தது. இந்த வட்டாரப் பிள்ளையின் வீட்டில் வேறு புத்தகம் இல்லாவிட்டாலும் பட்டாசுப் பெட்டியும் லேபிள் தாளும் காலண்டரும் இருக்கும். அவற்றில் ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்தில். கடைப் பலகையும் பஸ் பலகையும் அப்படியே. வங்கியிலும் தபால் நிலையத்திலும் தரும் படிவம் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்கிறது. பல வீடுகளில் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது பள்ளிக்குப் போகும் பிள்ளைதான். பள்ளியிலும் எல்கேஜியில் முதலில் வருவது பெரிய ஏபிசிடி. நேர்கோடுகள் அதிகம் என்பதால் பிஞ்சு விரலுக்கு அது எளிது என்பது உண்மைதான். ஆனால் பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சின்ன எழுத்துகளே நிறைந்திருக்கும். பெரியது அங்கொன்றும் இங்கொன்றும்தான் வரும். படிக்கத் தேவையானது சின்ன எழுத்து. மாண்டிசோரி முறையில் சின்ன எழுத்தை முதலில் தருவது இதனால்தான். பெரியதையே மாதக்கணக்கில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு அதுவே இயல்பான எழுத்தாகவும், சின்னது பிறகு வந்த சுமையாகவும் ஆகிவிடுகிறது. இரண்டையும் சேர்த்து, ஆனால் சொற்களைச் சின்ன எழுத்தில் எழுதிக் காட்டித் தொடங்குவதே நல்லது.

இந்த வட்டாரத்தில் பள்ளி தவிர வேறு துணை இல்லாத பிள்ளைகள் அதிகம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் ஒரு காலத்தில் பிள்ளைகளே வேலை செய்தார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிவகாசி முதல் இடங்களில் ஒன்று. அந்தத் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளுக்கு ஒன்பது, பத்து வயதுக்கு மேல்தான் பலர் முதன்முதலாக வந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வகுப்பில் இருக்கிறார்கள். பகல் முழுக்க ஆலையில் இருந்துவிட்டு வரும் அம்மாவால் ஆங்கில நோட்டைத் திருத்த முடியாது. பள்ளியில் விட்டது விட்டதுதான். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. பெரிய எழுத்துக்கும் அப்படி ஒரு படிவரிசை தேவை. விதிகள் எல்லாவற்றையும் ஒரே பாடத்தில் கொட்டினால் எதுவும் தங்காது.

முதல் படி பிள்ளையின் சொந்தப் பெயர். அதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் உண்டு: இனிஷியல். அப்பா பெயரின் முதல் எழுத்து பெரியது, அதன் பின் புள்ளி, பிறகு சொந்தப் பெயர், அதன் முதல் எழுத்தும் பெரியது. விருதுநகரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. குமாரசாமியின் மகன் காமராஜ், தமிழில் கு. காமராஜ், ஆங்கிலத்தில் கே. காமராஜ், இரண்டு கே-யும் பெரியவை. வருகைப்பதிவு எடுக்கும்போது பிள்ளைகளே ஆங்கிலத்தில் தம் பெயரைப் பலகையில் எழுதினால் ஒரு மாதத்தில் இந்தப் படி முடிந்துவிடும். இரண்டாம் படி ஊர், கிழமை, மாதம், 'ஐ'. இங்கிலாந்தின் பாடத்திட்டமும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆள்பெயர், ஊர்ப்பெயர், கிழமை, 'ஐ' ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்தைக் கற்பிக்கிறது.

கிழமைக்கும் மாதத்துக்கும் வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். கிழித்த தாளைப் பிள்ளை பள்ளிக்குக் கொண்டுவரட்டும். அதில் கிழமை முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. அதை நோட்டில் முதல் எழுத்து மட்டும் பெரியதாக, மற்றவை சின்னதாக மாற்றி எழுத வேண்டும். விளம்பர எழுத்து வேறு, வாக்கிய எழுத்து வேறு என்பது அந்த ஒரு பயிற்சியில் புரிந்துவிடும். பட்டாசுப் பெட்டியின் மேலட்டையையும் இப்படி மாற்றி எழுத வைக்கலாம். அங்கே இன்னொரு பாடமும் கிடைக்கும்: கம்பெனியின் பெயருக்குப் பெரிய எழுத்து, ராக்கெட், சங்குசக்கரம் போன்ற சரக்கின் பெயரை வாக்கியத்தில் எழுதும்போது சின்ன எழுத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இப்படித்தான். ஊருக்குப் பெரிய எஸ். பால்கோவா இனிப்பின் பெயர் என்பதால் அதற்குச் சின்ன எழுத்து. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரியது. ஆனால் சர்க்கரைப் பொங்கலுக்குச் சின்னதே பொருத்தம்.

மூன்றாம் படிதான் கடினம்: வாக்கியத்தின் முதல் எழுத்து. முந்திய வாக்கியம் எங்கே முடிந்தது என்று தெரியாத பிள்ளைக்கு அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? பெரிய எழுத்து விடுபடும் இடங்களில் பெரும்பாலும் முற்றுப்புள்ளியும் இருக்காது. தமிழ்ப் பேச்சின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். 'சிவகாசிக்குப் போய், பட்டாசு வாங்கி, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டோம்' என்றால் ஐந்து செயல், ஒரே வினைமுற்று, ஒரே வாக்கியம். அழகான தமிழ். அதையே பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு எச்சத்துக்கும் ஒரு 'அண்ட்' போட்டுக்கொண்டே போகிறது. நிறுத்தும் இடமே வராததால் பெரிய எழுத்துக்கும் இடம் வருவதில்லை. இதைத் தமிழிலேயே சரிசெய்யலாம். 'போனோம். வாங்கினோம். ஏறினோம். வந்தோம். சாப்பிட்டோம்.' என்று முதலில் தமிழில் உடைத்துச் சொல்ல வைக்க வேண்டும். ஒவ்வொரு 'ஓம்' முடியும்போதும் ஒரு கைதட்டல். பிறகு ஒவ்வொரு கைதட்டலுக்கும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், ஒரு புள்ளி, அடுத்து ஒரு பெரிய எழுத்து. தமிழ் வினைமுற்றைப் பிடித்துக்கொண்டு ஆங்கில வாக்கியத்துக்குப் போகும் இந்த வழி, ஆங்கிலத்திலேயே இலக்கணம் சொல்லிக் குழப்புவதைவிடப் பலமடங்கு மேல்.

மூன்று படியையும் சேர்த்துப் பார்க்க ஜூலை 15 ஒரு நல்ல நாள். காமராஜர் பிறந்தநாள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் பிறந்த ஊரில் அன்று கட்டுரை எழுதாத பிள்ளை அரிது. 'காமராஜ் வாஸ் பார்ன் இன் விருதுநகர் ஆன் ஜூலை 15, 1903' என்ற வாக்கியத்தில் பெரிய எழுத்து மூன்று இடத்தில்: காமராஜின் கே, விருதுநகரின் வி, ஜூலையின் ஜே. கே வாக்கியத்தின் முதல் எழுத்தும் ஆகிறது, பெயரின் முதல் எழுத்தும் ஆகிறது. இரண்டு காரணம் ஒரே எழுத்தில். அடுத்து 'ஹிஸ் மதர் வாஸ் சிவகாமி அம்மாள்'. ஹிஸ் வாக்கியத் தொடக்கம் என்பதால் பெரியது. மதர் சின்னது, ஏனென்றால் அது உறவு. சிவகாமி பெரியது, ஏனென்றால் அது அந்த ஒரு அம்மாவின் பெயர். பிறகு 'ஹி வென்ட் டு ஸ்கூல்' என்றால் ஸ்கூலுக்குச் சின்ன எழுத்து. அவர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலாவின் பெயரை முழுதாக எழுதினால், பெயரின் பகுதியாக வரும் ஸ்கூலுக்கும் பெரிய எழுத்து. எதற்காக இந்த எழுத்து பெரியது என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளையே காரணம் சொல்ல வேண்டும். ஆசிரியர் திருத்திக் கொடுக்கும் பத்து பக்கத்தைவிட, பிள்ளை காரணம் சொல்லி எழுதும் நாலு வரி அதிகம் கற்பிக்கும்.

திருத்துவதிலும் அளவு வேண்டும். ஒரு நோட்டில் இருபது சிவப்பு வட்டம் போட்டால் பிள்ளை எதையும் பார்க்காது. அடுத்த முறை குறைவாக எழுதித் தப்பிக்கும். இந்த வாரம் ஊர்ப்பெயர் மட்டும் என்று சொல்லிவிட்டால் ஊர்ப்பெயரை மட்டும் திருத்த வேண்டும், மற்றவை காத்திருக்கலாம். 'இந்தப் பக்கத்தில் ஊர்ப்பெயரில் இரண்டு விட்டுப்போச்சு, நீயே கண்டுபிடிச்சுக் கொண்டு வா பாப்பா' என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லித் திருப்பித் தருவது இன்னும் பயன் தரும். தேடிக் கண்டுபிடித்த தவறு மனதில் நிற்கும்.

தொடக்கப் பள்ளியில் தொடாமல் விட வேண்டியவையும் உண்டு. சீஃப் மினிஸ்டர் என்பதைத் தனியாக எழுதும்போது பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதில் ஆங்கில நாளிதழ்களே ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. அதில் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தவறு போடக் கூடாது. கட்டுரைத் தலைப்பில் எந்தச் சொல்லுக்குப் பெரியது என்பதும் அப்படித்தான். சம்மர், வின்டர் என்ற பருவங்களுக்குச் சின்ன எழுத்து, தமிழ், இங்கிலீஷ் என்ற மொழிகளுக்குப் பெரிய எழுத்து, சயின்ஸ் என்ற பாடத்துக்குச் சின்ன எழுத்து என்பவற்றைத் தொடக்கப் பள்ளிக்குப் பிறகு கற்கலாம்.

ஐந்தாம் வகுப்பில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதிக்கக் கடித உறையின் முகவரி நல்ல பயிற்சி. இனிஷியல், பெயர், தெரு, ஊர், மாவட்டம் என்று ஐந்து இடத்தில் பெரிய எழுத்து வரும். தெருவின் பெயரோடு சேர்ந்த 'ஸ்ட்ரீட்' அந்தப் பெயரின் பகுதி என்பதால் அதற்கும் உண்டு. சிவகாசியின் எஸ், விருதுநகரின் வி இரண்டும் கோடில்லாத உறையில் மற்ற எழுத்துகளைவிட உயரமாக நிற்க வேண்டும். கடைசியில் 626123 என்ற பின்கோடு. பிள்ளைகள் தம் வகுப்புத் தோழருக்கே கடிதம் எழுதி, உறையில் முகவரி போட்டுத் தபாலில் சேர்க்கலாம். கடிதம் வந்து சேர்ந்ததும், உறையைப் பெற்ற பிள்ளையே அந்த முகவரியைத் திருத்தட்டும்.